இரண்டடி ரயில்
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்ன சங்கச் செயலாளர், "வெற்றிக்கதை சொல்லுங்க" என்றார். அது என்கிட்ட இல்லை. ரயில்கதை இருக்கு. உடன்குடியில் என்னை "ரயில்காரர்" என்றுதான் சொல்வாங்க. ரயில்வேயில் ஒரு நாள்கூட நான் வேலை பார்த்ததில்லை.

1977ல் இங்கே பௌதிகம் முடித்தேன். தூத்துக்குடியில் ஒரு நூல் ஆலையில் மூணு வருஷம். பல்சக்கரத்தைக் கையால் தொட்டுப் பழகியது அங்கேதான். பிறகு நம்ம ஊர்க்காரங்க வழக்கப்படி பம்பாய். ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். அங்கே சோர் பஜாரில் பழைய சாமானோடு சாமானாக ஒரு உடைந்த பொம்மை எஞ்சின் கிடைத்தது. மோட்டாரைச் சுற்றிக் கட்டி ஓடவிட்டேன். அதோட சரி, ஆள் விழுந்தாச்சு. அப்புறம் தம்மாமில் பதிமூணு வருஷம் எலெக்ட்ரீஷியன். 2001ல் ஊர் திரும்பி பஜாரில் கடை வைத்தேன். முதலில் டிவி ரிப்பேர், பிறகு செல்போன்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டுந்தானா என்று ஒரு சந்தேகம் இருந்தது. 2002ல் பூனே போனபோது அது தீர்ந்தது. கோத்ரூட் பகுதியில் பாவ் ஜோஷி என்பவர் சின்ன ரயில்களுக்கென்றே ஒரு மியூசியம் கட்டி, 1998 ஏப்ரல் 1 அன்று திறந்திருக்கிறார். சிக்னல் விழுகிறது, ரயில் நிற்கிறது, ஊரே விளக்கேற்றிக்கொள்கிறது. ரெண்டு காட்சி பார்த்தேன். அங்கேதான் தோன்றியது, நம்ம ஊர் ரயிலை யாரு செய்வா?

தம்பிகளுக்குத் தெரியாது. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளைக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. பாரி கம்பெனி நடத்தியது. குலசேகரன்பட்டினத்தில் அவர்களுக்குப் பனைவெல்லத்திலிருந்து சீனி எடுக்கும் ஆலை இருந்தது. 1940ல் ரயில் நின்றது, தண்டவாளமும் போச்சு.

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டே அடி. அதாவது 610 மில்லிமீட்டர். அதைப் பத்தொன்பதில் ஒரு பங்காக்கினால் 32 மில்லிமீட்டர். உலகச் சந்தையில் 32க்குச் சக்கரமும் அச்சும் தாராளமாகக் கிடைக்கும்! நம்ம அகலப்பாதைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1676 மில்லிமீட்டரை 87ல் ஒரு பங்காக்கினால் 19க்கு மேலே வரும். கடையில் கிடைப்பதோ வெளிநாட்டு அளவான 16.5. அதனால்தான் நம்ம நாட்டு மாடல் ரயில்களைக் கூர்ந்து பார்த்தால் கால் சூம்பினாற்போல் இருக்கும்.

சிலீப்பர் கட்டைகள் பனஞ்சட்டத்தில் இழைத்தது. பனைமரத்துக்குப் பனந்தும்பு. தரைக்கு நம்ம தேரி மண்ணே. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. தேரி மண்ணில் இரும்புச்சத்துள்ள கருமணல் கலந்திருக்கிறது, மோட்டார் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் மண்ணைக் காந்தத்தால் துழாவி, கறுப்பையெல்லாம் எடுத்துவிட்டு, மீதியைத் தண்ணீர் கலந்த பெவிகாலில் ஒட்டணும். பௌதிகம் படித்தது வீண்போகவில்லை, சார்!

பெட்டிக்கு என்ன நிறம்? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்க ஆச்சி பச்சை என்றாள். பக்கத்து வீட்டு ஆச்சி, "போட்டீ, காவி நிறம்லா" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். ரெண்டு பேரும் ஏறிப் போனவர்கள். இன்று இருவருமே இல்லை. 1940ல் பத்து வயதில் அந்த ரயிலில் ஏறிய பிள்ளைக்கு இப்போது தொண்ணூற்றைந்துக்கு மேல். ஒரு பெட்டி பச்சை, ஒரு பெட்டி காவி என்று அடித்து வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரயில் எங்க வீட்டு மச்சில் நாற்பதடி நீளத்துக்கு ஓடுகிறது. நிஜத்தில் அது சுமார் 230 மீட்டர்தான், ஒரு ஸ்டேஷனும் ஒரு வளைவும். அனல்மின் நிலைய வேலைக்கு வந்தவர்கள் வீடு தேடுகிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கும் 2024ல் அடிக்கல் போட்டாச்சு. மச்சை வாடகைக்கு விடலாம் என்கிறான் என் மகன். அவன் கேட்பதில் தப்பில்லை, பேத்தியின் படிப்புச் செலவு அவன் தலையில். தைக்குள் காலி பண்ணணும்.

பிரித்தால் திரும்பப் பூட்ட நான் ஒருத்தன்தான். எனக்கும் எழுபது தொடுது.

பௌதிகக் கூடத்துக்குப் பின்னாலிருக்கும் நீளமான பழைய அறையை முதல்வர் அவர்கள் காட்டினார்கள். அளந்து பார்த்தேன், நாற்பத்திரண்டு அடி. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அதை எங்க செட்டு ஆட்கள் பார்த்துக்கொள்கிறோம். எனக்கு வேண்டியது சனிக்கிழமை தோறும் ரெண்டு மணி நேரம் வரக்கூடிய நாலு பிள்ளைகள். பற்றவைக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான் சொல்லித்தருவேன். இன்னொன்று: உங்கள் வீட்டுப் பரணில் அந்த ரயிலின் டிக்கெட்டோ, போட்டோவோ, தண்டவாள ஆணியோ கிடந்தால் கொண்டு வாருங்கள். அளவெடுத்துக்கொண்டு பொருளை உங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறேன். பெட்டியின் நிறம் தெரிந்தவர் யாராவது இருந்தால், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.