ஆட்டினால் ஓடும் மெஷின்

(எமரால்டு பகுதிக் குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன், வசூல் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ ஒரு மெஷின் கதை. டூரிஸ்ட் காட்டேஜ்களைச் சுத்தம் செய்யப் போகும் நம்ம குழு ஒன்று, சங்கப் பணத்தில் பழைய வேக்குவம் கிளீனர் வாங்கியிருந்தது. ஒரு நாள் அது நின்றுவிட்டது. ஒயரை ஆட்டிப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். அன்று அதை வைத்து வேலை செய்த அக்கா மேல் பழி விழுந்தது. ரிப்பேர் கடையில் "மோட்டார் போச்சு" என்று பெரிய தொகை கேட்டார்கள். அதை அந்த அக்காவே கட்டணும் என்று தீர்மான நோட்டில் எழுதியாச்சு. நாங்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுத்தான் வந்தோம். அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த அக்கா சண்டை போடவில்லை. "கட்டுறேன். ஆனா மோட்டார் போயிருந்தா, ஆட்டினா மட்டும் எப்படி ஓடுது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

மறுநாள் ஒயரிங் வேலை தெரிந்த தம்பி ஒருவரைக் கூப்பிட்டு பிளக்கைத் திறந்தோம். உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து, செம்புக் கம்பி கறுத்து, பாதி இழை அறுந்து கிடந்தது. பிளாஸ்டிக்கும் உருகியிருந்தது. லூஸான இடத்தில் பொறி வரும், சூடு ஏறும். சூட்டில் இன்னும் தளரும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும் என்றார் தம்பி. இது ஒரு நாளில், ஒரு ஆளால் ஆனது இல்லை. எல்லாருமே மாசக்கணக்கா ஒயரைப் பிடித்து இழுத்துத்தான் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறோம்.

அணைத் தண்ணி நம்ம ஊரிலிருந்து போய்த்தான் குந்தா பவர் ஹவுஸில் கரண்ட் ஆகுது. நமக்கோ ஒரு பிளக்கைத் திறக்கப் பயம்! பயம் நல்லதுதான், அதனால் முதலில் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிடணும். சுவிட்சை ஆஃப் பண்ணினா மட்டும் போதாது. ஈரக் கை கூடவே கூடாது.

தம்பி கறுத்த பகுதியை வெட்டி, மேல்தோலைச் சீவி, புதுச் செம்பைக் கொஞ்சம் வெளியே எடுத்தார். இழைகளை ஒன்றாக முறுக்கி, ஸ்க்ரூ இறுகும் திசையிலேயே சுற்றி, புது பிளக்கில் இறுக்கினார். ஒரு இழைகூட நீட்டி அடுத்த கம்பியைத் தொடக்கூடாது. பிளக் வாயில் ஒரு கிளிப் இருக்கும். அது ஒயரை மேல் உறையோடு சேர்த்துக் கவ்வணும். அப்பதான் இழுக்கிற இழுப்பு ஸ்க்ரூவுக்குப் போகாது. அந்தக் கிளிப்பைத்தான் பலர் வேண்டாம்னு தூக்கிப் போடுறாங்க.

உள்ளே இரண்டே ஒயர் இருந்ததைப் பார்த்து, எர்த் எங்கேன்னு பதறினோம். மெஷின் அடியில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தது. அது உள்ளதற்கு எர்த் வேண்டாமாம். ஆனா இஸ்திரிப் பெட்டி, ஸ்டீல் உடம்பு கிரைண்டருக்கெல்லாம் பச்சை ஒயர் கட்டாயம் பெரிய பின்னில் இருக்கணும். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த மிக்சி, கிரைண்டர் இன்னும் பல வீட்டில் ஓடுது. தீய்ந்த வாசனை வந்தாலோ, பிளக் சூடானாலோ நிறுத்திப் பாருங்க. மெஷினுக்குள்ளேயே பொறி வந்தா நீங்க கை வைக்காதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

செலவு? ஒரு புது பிளக் விலைதான்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் அந்தத் தீர்மானத்தைப் பேனாவால் அடிக்கப் போனார். அக்கா தடுத்தார். "எழுதினப்போ எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிச்சீங்க. அடிக்கிறப்பவும் அப்படியே படிச்சுட்டு அடிங்க" என்றார். படித்தோம்.

அடுத்த மாதம் அந்தத் தம்பி இங்கே வருகிறார். சந்தேகமான பிளக்கும் ஒயரும் இருந்தால் கொண்டு வாங்க. ஸ்க்ரூடிரைவர் நாங்கள் கொண்டு வருகிறோம்.