“ஆம்பளையா நீ?”



ஜூரோங் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணிபுரியும் நான், மாணவரிடையே வழங்கும் ஒரு கேள்வியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். “நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?” என்பதே அக்கேள்வி.

பள்ளி விட்டதும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நான்கு பையன்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவன் மின்சிகரெட்டை நீட்டுகிறான். மற்றொருவன் தயங்குகிறான். உடனே அந்தக் கேள்வி பிறக்கிறது. அவனும் வாங்கி இழுத்துவிடுகிறான். புகையின் மீதுள்ள ஆசையாலா? கோழை என்ற பெயருக்கு அஞ்சியே இழுக்கிறான். துணிவைக் காட்டுவதாக எண்ணி அவன் செய்த செயல், அச்சத்தால் செய்த செயலாகவே முடிகிறது.

சட்டம் நம் பிள்ளைகளுக்கு அரணாக இருக்கிறது. சிங்கப்பூரில் புகையிலை வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2019 முதல் படிப்படியாக உயர்ந்து, 2021இல் 21 ஆயிற்று. மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 முதல் குற்றம். ஆனால், கடைக்காரரைத் தடுக்கும் சட்டம் கேலிச் சொல்லைத் தடுக்குமா?

சாலமன் ஆஷ் என்னும் உளவியல் அறிஞர், 1950களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களான ஆடவரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். மூன்று கோடுகளுள் எது முன்னே காட்டிய கோட்டின் நீளம் உடையது என்று சொல்ல வேண்டும். விடை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆயினும், உடனிருந்தோர் முன்னேற்பாட்டின்படி தவறாகவே சொன்னபோது, நான்கில் மூன்று பங்கினர் ஒரு முறையேனும் அவர்களைப் பின்பற்றித் தவறினர். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோதோ, அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது.

மாணவர்களே, இதிலிருந்து நாம் அறிவது என்ன? தயங்கி நிற்கும் நண்பனுக்கு நீங்கள் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. “எனக்கும் வேண்டாம், வாடா போகலாம்” என்றால் போதும். அந்த ஒரு குரலே அவனுக்குத் துணை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிடிபட்ட பையன்களை ஒன்றாக நிறுத்தி விசாரித்தால், ஒருவன் முன் ஒருவன் வீரம் பேசுவான். தனித்தனியே அழைத்துக் கேளுங்கள். உள்ளத்தில் உள்ளது வெளிவரும்.

பெற்றோர்களே, ஐந்து வயதில் விழுந்து அழும் மகனிடம், “ஆம்பளைப் பிள்ளை அழலாமா?” என்கிறோம். பதினைந்து வயதில் அதே கோலைத்தான் நண்பர்கள் எடுத்து ஓங்குகிறார்கள். “எனக்குப் பயமாக இருக்கிறதப்பா” என்று மகன் சொன்னால் நகைக்காதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் அச்சத்தை வாய்விட்டுச் சொல்லப் பழகியவன், வெளியே “வேண்டாம்” என்று சொல்லவும் பழகிக்கொள்வான்.