ஆயுள் உத்தரவாதம் யாருடைய ஆயுளுக்கு?
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்ட லோரிக்கு வெளிக்கம்பெனிச் சைலன்சர் பூட்டும்போது "ஆயுள் உத்தரவாதம்" என்றொரு காகிதம் வருகிறது. நாம் அதைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். பெரும்பாலும் அது முதலில் வாங்கியவருக்கு மட்டுமே செல்லும். செய்பொருள், செய்நேர்த்திக் குறைகளுக்கே பொறுப்பு. மேல்துருவுக்கும் மோதலுக்கும் இல்லை. தொழிலுக்கு ஓடும் லோரி என்றால் பல கம்பெனிகள் கைவிரித்துவிடும். புதுக்குழாய் தந்தாலும் பட்டறைக் கூலி தனி.

ஆகவே, வாங்கும் கிராணிமார் உலோகத்தைக் கேட்க வேண்டும். அலுமினியம் பூசிய இரும்பில், பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோய் அங்கேதான் துரு தொடங்கும். 11 சதவீதம் குரோமியம் கொண்ட 409 ரக எஃகு அதைவிடத் தாங்கும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304 ரகம் நம் மழைக்கும் சேற்றுக்கும் இன்னும் நன்று. ரசீதும் பத்திரமாக இருக்கட்டும்.

உத்தரவாதம் குழாய்க்குத்தான்; நம் நெஞ்சுக்கு அல்ல. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது. இயந்திரங்களைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். "கம்பெனி பதில் வரட்டும்" என்ற சாக்கை நாம் ஏற்கலாகாது. குழாய் கசிந்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுப்போம்!