தணலில் வாட்டிய மூங்கில்

ஜப்பானின் கியோட்டோ நகரத்து மூங்கில் பட்டறைகளில், பச்சை மூங்கிலைத் தணலில் வாட்டிப் பக்குவப்படுத்தும் ஒரு கலை உண்டு. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

குளிர்காலத்தில் வெட்டிய கழியை நெருப்பின்மேல் இடைவிடாமல் உருட்டுகிறார்கள். சற்று நேரத்தில் தோல் வியர்க்கிறது. மெழுகும் பிசுக்குமாகக் கசிவதைத் துணியால் அழுத்தித் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறுகிறது. கணுவருகே கோணல் இருந்தால், சூடு ஆறுவதற்குள் பள்ளம் வெட்டிய கட்டையில் கொடுத்து நெம்புகிறார்கள். ஆறியபின் கழி நேராகவே நின்றுவிடுகிறது. பிறகு வாரக்கணக்கில் வெயில். பச்சை மறைந்து தந்தநிறம் வருகிறது.

கோணல் நிமிர்வதற்குக் காரணம் லிக்னின். மூங்கிலில் ஏறக்குறைய பாதி செல்லுலோஸ் என்னும் நார்ச்சத்து. அந்த நார்களைப் பிணைத்து நிற்பவை லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும். ஈரத்தோடு சூடேறும்போது லிக்னின் இளகும், ஆறினால் இறுகும். அந்தச் சில நொடிகளைக் கைப்பழக்கத்தால் பிடித்துவிடுகிறார்களே, அதைத்தான் நான் பெரிய வித்தை என்பேன்.

குளிர்காலத்தில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. அப்போது கழியில் மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைவு. மூங்கிலை உளுக்க வைக்கும் வண்டுக்கு அவைதானே சாப்பாடு! நாரா மாவட்டத்துத் தகயாமாவில், தேநீர் கலக்கும் மூங்கில் மத்து செய்பவர்கள் கழியை நீரில் கொதிக்க வைத்துக் குளிர்கால வெயிலில் காயவிடுகிறார்கள். கொதிநீர் அந்தச் சத்துகளில் ஒரு பகுதியைக் கரைத்து எடுத்துவிடும்.

இதுவரை சொன்னது மிதமான சூடு. தொழிற்கூடத்துச் சூளையில் 160, 180 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மூங்கிலின் உள்ளமைப்பே மாறத் தொடங்குகிறது. முதலில் சிதைவது ஹெமிசெல்லுலோஸ். அதிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிகிறது. அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுகிறது. காற்றின் ஈரத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும் பகுதி ஹெமிசெல்லுலோஸ்தான் என்பதால், அது குறையக் குறைய மழைக்காலத்தில் மூங்கில் உப்புவதும் கோடையில் சுருங்குவதும் குறைகின்றன. செல்லுலோஸ் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. லிக்னினின் விகிதம் கூடுகிறது. நிறம் காப்பிக்கொட்டையை நெருங்குகிறது. ஆனால் 200 டிகிரிக்கு மேல் போனால் வலு இறங்கும், மூங்கில் நொறுங்கும் தன்மை பெறும்.

காற்றில்லாமல் கடைசிவரை சுட்டால் மிஞ்சுவது கரிதான். அதற்கும் ஒரு பெருமை உண்டு. 1880இல் எடிசனின் ஆட்கள் கியோட்டோவுக்குத் தெற்கே யவாத்தாவின் மூங்கிலை எடுத்துக் கரியாக்கி, மின்விளக்கின் இழையாக்கினார்கள். அது 1000 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது.

தணலுக்குப் பதிலாகக் காரச்சோடாவில் வேகவைக்கும் முறையும் இன்று பரவலாக இருக்கிறது. ஒரே சமயத்தில் ஏராளமான கழிகளுக்கு அது தோதானதுதான். ஆனாலும் கைவினைப் பொருளுக்குத் தணலில் வாட்டிய கழியே மேல் என்பது என் தீர்மானம். தோலின் மினுமினுப்பும் உறுதியும் அதில்தான் கூடி வருகின்றன.

வீட்டுக்கு மூங்கில் தரைப்பலகை வாங்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் பழுப்பாக இருப்பது பெரும்பாலும் சாயமல்ல. நீராவியில் வேகவைத்ததால் வந்த நிறம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெளிர்நிறப் பலகையைவிடச் சற்று மென்மையானது. நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கு வெளிர்நிறத்தையே கேட்டு வாங்குங்கள்.