பரவூர் யூதர்கள் விட்டுச் சென்ற ஆலயம்



காரைக்காலில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடு எதையாவது காட்டி, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால், ‘பிரான்சில்’ என்று பதில் வருவதுண்டு. 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962-இல் இந்தியாவோடு சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று சொல்லிப் புறப்பட்ட குடும்பங்கள் உண்டு. அதே ஐம்பதுகளில் மேற்குக் கரையில் ஒரு சமூகம் ஏறக்குறைய மொத்தமாகவே ஊரைவிட்டுக் கிளம்பியது. அவர்கள்தாம் கொச்சி யூதர்கள். அவர்கள் பரவூரில் விட்டுச் சென்ற ஜெப ஆலயத்தின் கதையைத்தான் இன்று கேட்கப் போகிறீர்கள்.

கொச்சிக்கு வடக்கே இருக்கும் சிறிய ஊர் வடக்கன் பரவூர். சங்க இலக்கியம் புகழும் முசிறித் துறைமுகம் இருந்த வட்டாரம் அது. யூதர்களுக்குக் கிடைத்த புகழ்பெற்ற ஆவணமும் அங்கே எழுந்ததுதான். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபடி ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குச் செப்பேடு வழங்கினான். அது எபிரேயத்தில் எழுதப்பட்டதல்ல. நம்முடைய வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையையும், பல்லக்கு, குடை, பகல்விளக்கு உள்ளிட்ட 72 உரிமைகளையும் அது அவருக்கும் அவர் வழியினருக்கும் அளித்தது. இந்த அஞ்சுவண்ணத்தார் நம் கிழக்குக் கரைக்கும் அந்நியர் அல்லர். தீத்தாண்டதானபுரத்துக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இருக்கிறது. ஆனால் இந்தக் கரையில் அவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள்.

பரவூர் ஆலயம் 1616-இல் கட்டப்பட்டது. கட்டியவர் டேவிட் காஸ்டியேல் முதலியார். ஆம், முதலியார்தான்! யூதர்களின் தலைவருக்குக் கொச்சி அரசர் கொடுத்த பட்டம் அது. தெருவிலிருந்து படிப்புரை என்ற வாயில் கட்டடம் வழியாக நுழைந்து, தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட நடையைக் கடந்தால் வழிபாட்டுக் கூடம் வரும். ஓட்டுக்கூரை, மரவேலை எல்லாமே மலையாளத் தச்சர்களின் கைவண்ணம். தோரா ஏடுகளை வைக்கும் பேழை மேற்குச் சுவரில், ஜெருசலேம் இருக்கும் திசையில் அமைந்தது. வேதம் வாசிக்க நடுக்கூடத்தில் ஒரு மேடை. மாடியில், பெண்கள் பகுதிக்கு முன்னால், இன்னொரு மேடை. இந்த இரண்டாவது மேடை கேரள ஆலயங்களுக்கே உரிய அமைப்பு.

பெண்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அல்லர். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் அவர்களிடம் மலையாளப் பாட்டுகள் இருந்தன. நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் முன்னிலையிலும் பாடினார்கள்.

எல்லாமே இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி ஆலயத்தார், தங்களை வெள்ளை யூதர் என்று சொல்லிக்கொண்டு மற்றவர்களை ஒதுக்கினார்கள். நம் ஊர்ச் சாதி வழக்கம் வந்தவர்களையும் தொற்றிக்கொண்டது. ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம், அந்த ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூதக் காந்தி’ என்று அவரை அழைத்தார்கள்.

1948-இல் இஸ்ரேல் பிறந்தது. கேரளத்தில் அப்போது யூதர்கள் சுமார் 2,500 பேர். யாரும் அவர்களை விரட்டவில்லை. உலகின் பல மூலைகளில் யூதர்கள் பட்ட பாடு இங்கே அவர்களுக்கு இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஜெருசலேமை நினைத்து ஜெபித்தவர்களுக்கு வழி திறந்தபோது கிளம்பிவிட்டார்கள். வருமானம் குறைந்திருந்ததும் ஒரு காரணம். பலர் நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் போன்ற குடியிருப்புகளில் புது வாழ்க்கை தொடங்கினார்கள். மழை கொட்டும் ஊரில் பிறந்தவர்கள் வறண்ட மண்ணில் விவசாயம் பழகினார்கள்.

போகும்போது சிலர் முறையாக ஒப்படைத்துவிட்டே போனார்கள். பக்கத்து ஊரான மாளாவில் 1955-இல் ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் ஊராட்சியிடம் எழுதிக்கொடுத்தார்கள். பரவூர் ஆலயம் பராமரிப்பின்றிச் சிதைந்தது. பிறகு கேரள அரசு முசிறிப் பாரம்பரியத் திட்டத்தின்கீழ் அதைப் புதுப்பித்து, கேரள யூதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அருங்காட்சியகமாக்கியது. அருகிலுள்ள சேந்தமங்கலம் ஆலயமும் அருங்காட்சியகமாகிவிட்டது. அதன் முற்றத்தில் இருக்கும் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல்லில் பொறித்திருக்கும் ஆண்டு கி.பி. 1269-க்குச் சமம்.

ஒரு சமூகம் போன பிறகும் அதன் வரலாறு அங்கே நிலைத்தது. ஏட்டில் எழுதி வைத்ததும், இருந்தவர்கள் கட்டடத்தைப் பிற்பாடு மீட்டதுமே அதற்குக் காரணம். காரைக்காலிலும் பிரான்சுக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் வீடுகள், பத்திரங்கள், கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்களைக் கேட்டு, யார், எந்த ஆண்டு, எங்கே போனார்கள் என்று இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.