தோப்புப் புல்லை உரமாக்க எந்த மெஷின் வாங்கலாம்?

(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)

மழை விட்டுப் பத்து நாள் ஆனால் தென்னந்தோப்புக்குள் கால் வைக்க முடிவதில்லை. புல் முழங்கால் உயரம் நிற்கிறது. விழுந்த காய் எங்கே கிடக்குதுன்னு தெரிவதில்லை. பாம்புக்குப் பயந்துக்கிட்டு காய் பொறுக்கவும் ஆள் வரமாட்டேங்குது. "புல்லு வெட்டற மெஷின் ஒண்ணு வாங்கிடலாமுங்களா? எதை வாங்கறது?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நான் இன்ஜினீயர் இல்லை, ஆனைமலைப் பக்கம் தென்னை வைத்திருக்கும் ஒரு விவசாயி. முதலில் ஒரு மெஷினைத் தப்பாக வாங்கி, பிறகு சரியான ஒன்றுக்கு வந்தவன். அந்தத் தப்பைப் பற்றியும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தென்னையை 25 அடிக்கு 25 அடி வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 மரம் வரும். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுக்கிறோம். அதுபோக மீதி இருப்பது மொத்த இடத்தில் ஐந்தில் நான்கு பங்கு. அங்கே முளைக்கிற புல்லும் நாம் வைத்த உரத்தையும் தண்ணியையும் குடித்துத்தான் வளருகிறது. ஒரு காய்ப்பு மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, அதோடு தொழுவுரம் 50 கிலோ என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்கிறது. இவ்வளவு காசைக் கொட்டிவிட்டு, புல்லை அறுத்து வரப்பிலே குவித்துத் தீ வைத்தால், தழைச்சத்து புகையாகப் போகிறது. மிச்ச சாம்பல் சத்தும் குவித்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதே புல்லைப் பொடியாக வெட்டி விழுந்த இடத்திலேயே விட்டால் மண்ணுக்கு மூடாக்கு, மட்கினால் உரம்.

இளம்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணிதான். அதைச் சின்னதாக நறுக்கிப் போட்டால் ஈரம் இருக்கிற காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் இருந்த இடம் தெரியாது. பூவெடுத்து முற்றிய புல் அப்படி இல்லை. அது தக்கை. மட்க நாளாகும், மட்கும்வரை மண்ணிலிருக்கிற தழைச்சத்தையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். விதை வேறு உதிர்ந்து அடுத்த மழைக்கு இரட்டிப்பாக முளைக்கும். ஆகவே எந்த மெஷின் வாங்கினாலும் பூ வருவதற்கு முன்னாலேயே ஓட்டுங்க.

இப்போ மெஷினுக்கு வருவோம். கையால் தள்ளுகிற உருளைக் கத்தி மெஷினைப் பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்திருப்பீங்க. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் கண்டுபிடித்த வகை அது. சமமான புல்தரைக்கு ஏற்றது, தோப்புக்கு ஆகாது. பிறகு வந்தது, இரும்புத் தொப்பி மாதிரி ஒரு மூடிக்குள் தட்டையான பிளேடு சுழலுகிற மெஷின். அதிலேயே புல்லை வெளியே தள்ளாமல் உள்ளேயே திரும்பத் திரும்ப நறுக்கித் தரையில் விடுகிற வகை ஒன்று உண்டு. அதன் தொப்பி ஆழமாக இருக்கும். பிளேடு நெளிவாக இருக்கும். வெட்டின புல்லை மேலே தூக்கி, இரண்டாம் தரம் மூன்றாம் தரம் நறுக்கி, வேருக்கு இடையிலே இறக்கிவிடும். கேட்கவே நல்லா இருக்கும். நான் ஏமாந்தது இங்கேதான்.

நான் வாங்கியது 21 அங்குல அகலம், வீட்டுப் புல்தரைக்குச் செய்த மெஷின். கடைக்கு முன்னால் இருந்த புல்லில் ஓட்டிக் காட்டினாங்க, வெண்ணெய் மாதிரி போச்சு. தோப்புக்குக் கொண்டு வந்து முழங்கால் புல்லில், அதுவும் காலைப் பனி ஈரத்தில் விட்டேன். பத்தடிக்கு ஒரு தரம் நின்றது. கவிழ்த்துப் பார்த்தால் தொப்பிக்குள்ளே சாணி அப்பின மாதிரி பச்சைப்புல் அடைத்திருக்கிறது. சின்னச் சக்கரம் பாத்தி வரப்பில் ஏறாது, தூக்கித்தான் வைக்கணும். மூன்றாம் மாசம், புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு பழைய மரக்கட்டையில் பிளேடு மோதியது. அந்த மெஷினில் பிளேடு நேராக இன்ஜின் தண்டிலேயே மாட்டியிருப்பதால் தண்டு வளைந்துவிட்டது. உத்தரவாதத்தில் இது சேராது என்று சொல்லிவிட்டார்கள். காய் விற்ற காசு அப்படியே போச்சு.

மெஷின் மேல் குற்றமில்லை. ஒரு தடவைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது அந்த வகையின் சட்டம். புல் நாலரை அங்குலம் இருந்தால் மூன்று அங்குலத்துக்கு வெட்டலாம். அதற்கு மழைக்காலத்தில் வாரா வாரம் ஓட்டணும். தரை சமமாகவும் கல் இல்லாமலும் இருந்து, வாரா வாரம் ஓட்டவும் ஆள் இருந்தால், தாராளமாக அந்த மெஷினையே வாங்கலாம். பண்ணை வீட்டைச் சுற்றி, களத்தைச் சுற்றி, பள்ளி, ஆலை வளாகம் இங்கெல்லாம் அதுதான் சரி. அப்படி வாங்கினாலும், பக்கவாட்டு மூடியைக் கழற்றி மாட்டக்கூடியதாகப் பாருங்க. புல் மீறிப்போன வாரத்தில் மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டின புல்லை வெளியே தள்ளவிட்டு ஓட்டலாம். அடுத்த வாரம் மூடியை மாட்டிப் பொடியாக்கலாம்.

என்னைப்போல மாசத்துக்கு ஒரு தரம்தான் தோப்புக்குள் போக முடியும் என்பவர்களுக்கு ஏற்றது வேறே வகை. படுக்கைத் தண்டு ஒன்றில் சின்னச் சின்னக் கத்திகள் வரிசையாக ஊசலாடும். தண்டு சுழலும்போது அவை விரிந்து புல்லை அடித்துத் துவைத்துப் போடும். கல்லிலோ கட்டையிலோ பட்டால் கத்தி பின்னால் மடங்கிக்கொள்ளும், இன்ஜின் தண்டுக்கு அடி போகாது. நடுவிலே பெல்ட் இருப்பதால் அதுவும் வழுக்கிக் கொடுக்கும். முழங்கால் புல், பார்த்தீனியச் செடி எல்லாம் தூளாகும். பின்னால் நடந்து ஓட்டுகிற தனி மெஷினாகவும் வருகிறது, பவர் டில்லரில் மாட்டுகிற மாதிரியும் வருகிறது. டில்லர் ஏற்கெனவே உள்ளவர்கள் அதற்குப் பொருந்துமா என்று முதலில் விசாரியுங்க, இன்னொரு இன்ஜினுக்குக் காசு போடவேண்டாம். கதிர் அறுக்கிற மாதிரி நீளக்கத்தி முன்னும் பின்னும் ஓடுகிற வகை, புல்லை நீளமாகவே சாய்த்துவிடும். தீவனத்துக்கு அது நல்லது, மூடாக்குக்கு அவ்வளவு இல்லை.

அகலம் எவ்வளவு வேணும்? எதிர் எதிர் பாத்திகளுக்கு நடுவே நமக்கு 13 அடி கிடைக்கிறது, அதாவது நாலு மீட்டர். 21 அங்குல மெஷினில் மேலேறி வெட்டுவதைக் கழித்தால் ஒரு நடைக்கு 45 சென்டிமீட்டர்தான் தேறும். ஒன்பது நடை நடக்கணும். 80 சென்டிமீட்டர் மெஷின் என்றால் ஆறு நடை. மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் சின்னதில் ஏக்கருக்கு மூன்று மணி, திரும்புகிற நேரத்தையும் சேர்த்தால் நாலு மணி ஆகும். ரெண்டு ஏக்கர்காரருக்கு அது பரவாயில்லை, பத்து ஏக்கர்காரர் நடந்தே ஓய்ந்துபோவார். ஆனால் அகலம் கூடினால் எடையும் கூடும். மரத்தைச் சுற்றித் திருப்பும்போது தோள்பட்டை பேசும். ஓட்டப்போகிற ஆளையே கூட்டிக்கொண்டு போய் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க. ரிவர்ஸ் கியர் உள்ளதாக, பெரிய ரப்பர்ச் சக்கரம் உள்ளதாக இருக்கட்டும்.

இன்ஜினைப் பொறுத்தவரை நாலு ஸ்ட்ரோக், பெட்ரோல் போதும். 160 சி.சி. இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். தினமும் ஐந்தாறு மணி ஓட்டப்போகிறவர்கள் வீட்டு உபயோக இன்ஜினை நம்பக்கூடாது. சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை போட்ட தொழில் ரக இன்ஜினா என்று கேட்டு வாங்குங்க. பெயின்ட்டைப் பார்க்காதீங்க. பிளேடு, பெல்ட், ஏர் பில்டர் இந்த மூன்றும் உங்கள் தாலுகா ஊரிலே கிடைக்குமா என்று பாருங்க. கிடைக்காது என்றால் எவ்வளவு நல்ல மெஷினானாலும் ஒரு சீசனில் மூலையில் நிற்கும். மானிய விவரத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. விலை பேசுமுன் உங்கள் தோப்பிலேயே, உங்கள் புல்லிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. மறுத்தால் வேறே கடை.

ஆபத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 21 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் ஒரு சிரட்டைத் துண்டு பட்டால் தோட்டா மாதிரிதான். கைப்பிடியை விட்டால் மூன்று நொடிக்குள் பிளேடு நிற்கணும் என்று அமெரிக்காவில் வீட்டு உபயோக மெஷின்களுக்கு 1982-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நாம் வாங்கும்போதும் அந்தப் பிடி இருக்கா, விட்டவுடன் நிற்குதா என்று கடையிலேயே சோதிக்கணும். சில பேர் அந்தப் பிடியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஓட்டுகிறார்கள். அதைச் செய்யாதீங்க. பின்பக்கத்து ரப்பர் மடிப்பைக் கழற்றாதீங்க. செருப்போடு ஓட்டாதீங்க, பூட்ஸ் போடுங்க. அடியில் கை விடுமுன் பிளக் வயரைப் பிடுங்குங்க. சாய்க்கும்போது ஏர் பில்டர் மேல்பக்கம் இருக்கட்டும், இல்லாட்டி ஆயில் அதற்குள் இறங்கும்.

ஓட்டுமுன் மட்டை, குரும்பை, சிரட்டை எல்லாம் பொறுக்கணும். சொட்டுநீர்க் குழாய் போட்டவர்கள் அது எங்கே போகுதுன்னு குச்சி நட்டு அடையாளம் வையுங்க. முதல் நாளே நான் நாற்பது அடி குழாயை நறுக்கினேன். வெட்டு உயரத்தை மூன்று அங்குலத்துக்குக் கீழே இறக்கவேண்டாம். நறுக்கின புல்லை வட்டப்பாத்திக்குள் தள்ளுவதானால், மரத்தை ஒட்டிக் குவிக்காதீங்க. ஒரு சாண் இடம் விடுங்க, கரையான் ஏறும்.

கடைசியாக ஒன்று. என் தோப்புக்கு வருஷக்கணக்காகப் புல்லுக்கட்டு எடுக்க ஒரு அம்மா வருவாங்க. மெஷின் ஓட்டின மறுநாள் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, இனி என்ர மாட்டுக்கு நான் எங்க போறதுங்க?" என்றாங்க. எனக்குப் பதில் வரவில்லை. நான் மண்ணைப் பற்றியே கணக்குப் போட்டேன், மாட்டை நினைக்கவில்லை. இப்போது வாய்க்கால் ஓரம் இரண்டு வரிசையை மெஷின் விடாமல் அவங்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறேன். அவங்க அறுத்துக்கொண்டு போறாங்க, பொங்கலுக்கு முன்னால் ஒரு வண்டி சாணி எரு என் தோப்புக்கு வருது. மெஷின் வாங்கறவங்க அந்த இரண்டு வரிசை எங்கே என்று முதல் நாளே குறித்துவையுங்க.