குழல்விளக்குக்குள் இருக்கும் விஷம்

(கோவில்பட்டியில் மில் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



கரண்டு மிச்சமாகும் என்று நமக்கு விற்ற சுருள் பல்புக்குள்ளும், மில்லில் தலைக்கு மேலே எரியும் பழைய டியூப்லைட்டுக்குள்ளும் பாதரசம் இருக்கிறது. எரிகிற வரை தொந்தரவில்லை. உடைந்தால் அதன் ஆவி வெளியே வரும். மூச்சோடு உள்ளே போய், நாளடைவில் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வீட்டில் ஒரு பல்பு உடைந்தால் உயிர் போய்விடுமா? போகாது. பழைய காய்ச்சல்மானியில் அரை கிராமுக்குக் குறையாமல் பாதரசம் இருந்தது; சுருள் பல்பில் இருப்பது சுமார் 5 மில்லிகிராம்தான். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, கால்மணி நேரம் வெளியே இருங்கள். விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். அட்டையால் வாரி, ஈரத்துணியால் துடைத்து, மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அண்டவிடாதீர்கள்.

அப்படியானால் ஆபத்து யாருக்கு? நூற்றுக்கணக்கான டியூப்லைட்டுகளைக் கழற்றி உடைத்து மூட்டை கட்டும் தொழிலாளிக்கு! அதை நொறுக்கும் பழைய இரும்புக்கடைக் கூலிக்கு!

கொடைக்கானலை மறக்கலாமா? 1983-ல் அமெரிக்க யந்திரங்களோடு அங்கே காய்ச்சல்மானி ஆலை வந்தது. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு ஊருக்குள்ளே பழைய சாமான் கடையில் கிடந்ததை மக்கள் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு எப்போது வந்தது? 2016-ல்! பதினைந்து வருஷம் போராடிய பிறகு!

பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்தத்தில் 2018-ல் இந்தியாவும் சேர்ந்தது. குழல்விளக்கு உற்பத்தியை 2027-க்குள் நிறுத்த அதன் உறுப்பு நாடுகள் 2023-ல் தீர்மானித்தன. நல்லதுதான். ஆனால் எல்.இ.டி. விளக்கு ஏறும்போது பழைய விளக்கு இறங்குமே, அது யார் கையில் இறங்கும்? நம் கையில்தான்!

நிர்வாகத்தைக் கேளுங்கள்: விளக்கை உடைக்காமல் பெட்டியில் அடுக்கு, கையுறை கொடு, துணி முகமூடி ஆவியைத் தடுக்காது, ஆகவே காற்றோட்டமான இடம் கொடு. 2016-ன் மின்னணுக் கழிவு விதிகளிலேயே இந்த விளக்குகள் சேர்ந்துவிட்டன. குப்பையில் கொட்டாதே, அனுமதி பெற்ற நிலையத்துக்கு அனுப்பு!

நாம் தீப்பெட்டி ஊர்க்காரர்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் ஒரு காலத்தில் உலகெங்கும் தீப்பெட்டித் தொழிலாளியின் தாடை எலும்பை அரித்தது. 1913-ல் இந்தியாவில் அதைச் சட்டம் தடுத்தது. ஒரு விஷம் ஒழிந்தது, இன்னொன்றும் ஒழியும். ஆனால் தனி ஆளாகக் கேட்டால் காதில் விழாது, தோழர்களே, சங்கமாகக் கேளுங்கள்!